நகரத்து மாடியிலிருந்து செயற்கைக்கோள் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

செயற்கைக்கோள் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். மாடிக்கு ஏறி, அண்ணாந்து, வானம் முழுக்கத் தேடுவார்கள். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். "இந்த ஊர் வெளிச்சத்தில் எங்கே தெரியப் போகிறது" என்று இறங்கிவிடுவார்கள். என்னோடு மாடிக்கு வந்தவர்கள் பல பேர் இப்படி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வெளிச்சம் பெரிய தடையே இல்லை. தேடுவதுதான் தடை.

எந்த நிமிடம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்ற மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, வானத்தின் அந்த ஒரு இடத்தில் கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்போது அது தானாக வரும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் சரியாக எடுப்பதற்குத்தான். வரிசை முக்கியம், முதல் தடவை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கையில் என்ன வேண்டும்

ஒரு போன் போதும். அதில் நேரம் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி அமைத்திருக்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறக்குறைய 7.66 கி.மீ. வேகத்தில் போகிறது. உங்கள் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடினால், நீங்கள் பார்க்கத் தொடங்கும்போது அது 900 கி.மீ. தாண்டியிருக்கும்.

ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பதை எதற்குக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். கடைசி நேரத்தில் போன் திரையைப் பார்த்தால் கண் கூசிவிடும், அதற்காகத்தான்.

தொலைநோக்கி வேண்டாம். அதில் தெரியும் வானத்துண்டு மிகச் சிறியது, நகரும் பொருளை அதற்குள் பிடிப்பது தொடக்கத்தில் முடியாத வேலை. பைனாகுலர் இருந்தால் இப்போதைக்கு உள்ளே வையுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

2. எப்போது தெரியும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள் எதுவும் விளக்கு வெளிச்சத்தால் தெரிவதில்லை. சூரிய ஒளி அதன் மீது பட்டு நம் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். அதனால் இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்: நாம் இருட்டில் இருக்க வேண்டும், அது வெயிலில் இருக்க வேண்டும்.

பகலில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. நள்ளிரவில் பெரும்பாலும் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அப்போது பூமியின் நிழலுக்குள் போயிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது சூரியன் மறைந்த பிறகு வரும் ஒன்றரை மணி நேரத்திலும், சூரியன் உதிப்பதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்திலும்.

இது ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், அது மறைந்து 80 நிமிடம் போலானதும் உச்சி வானத்தில் 420 கி.மீ. உயரம் வரை நிழல் ஏறிவிடும். அதற்கு மேல் மேற்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வாய்ப்பு உண்டு. 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஜூன் மாதம் பார்த்தால் கதையே வேறு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிக ஆழம் இறங்குவதே இல்லை என்பதால் விண்வெளி நிலையம் இரவு முழுக்க வெயிலில் இருக்கும்.

சூரியன் மறைந்தவுடனே மாடிக்கு ஓட வேண்டாம். அரை மணி நேரமாவது போகட்டும், வானம் கருக்க வேண்டும்.

3. முதல் தடவைக்கு விண்வெளி நிலையத்தையே எடுங்கள்

வேறு எதையும் முதலில் முயலாதீர்கள். நிலையம் ஏறத்தாழ 109 மீட்டர் அகலம் கொண்டது, பெரிய சூரியத் தகடுகள் உள்ளது, 400 கி.மீ.க்குச் சற்று மேலே சுற்றுகிறது. நல்ல நாளில் சிரியஸ் நட்சத்திரத்தை விடப் பல மடங்கு பளிச்சென்று போகும். தெருவிளக்குகள் சூழ்ந்த நகர நடுவிலும் தெரியும், பௌர்ணமி அன்றும் தெரியும். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்திருப்பதால், மக்கள் வாழும் பெரும்பாலான இடங்களின் வானத்தில் அது எழும்.

இரண்டாவதாக சீனாவின் தியாங்கோங் நிலையம். சாய்வு 41.5 டிகிரி. விண்வெளி நிலையத்தை விட மங்கல், ஆனாலும் நகரத்துக்குத் தாராளமாகப் போதும். மூன்றாவதாக ஹபிள் தொலைநோக்கி. அதன் சாய்வு 28.5 டிகிரிதான், அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பவர்களுக்கு அது எழவே எழாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு உச்சிக்கு மேலேயே போகும்.

ஸ்டார்லிங்க் ரயில், அதாவது கூட்டமாக ஏவப்படும் இணையச் செயற்கைக்கோள்களின் வரிசை, பார்க்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஏவிய முதல் சில நாட்களில் மட்டுமே அவை வரிசையாகப் போகும். பிறகு சிதறி, மேலே ஏறி, நகர வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிடும். அந்தச் சில நாட்களிலும் அவை பாதையை மாற்றிக்கொண்டே இருப்பதால் கணிப்பு சில நிமிடங்கள் பிசகும். முதல் முயற்சிக்கு ஏற்றவை இல்லை.

இன்னொன்று: பழைய கட்டுரைகளில் "இரிடியம் பளிச்சிடல்" என்று படித்துவிட்டு அதற்காகக் காத்திருக்காதீர்கள். அப்படிப் பளிச்சிட்ட முதல் தலைமுறை இரிடியம் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை 2017 முதல் கீழிறக்கப்பட்டு எரிந்துபோய்விட்டன.

4. கணிப்பை எடுங்கள்: முதலில் இடம், அப்புறம் பட்டியல்

ஹெவன்ஸ்-அபவ் தளம் இதற்கு நல்லது. செயலியாகவும் கிடைக்கிறது. விண்வெளி நிலையத்துக்கு மட்டும் என்றால் நாசாவின் ஸ்பாட் த ஸ்டேஷன் செயலி போதும். நான் ஹெவன்ஸ்-அபவைச் சொல்வதற்குக் காரணம், அது ஒவ்வொரு கடப்புக்கும் எண்களைத் தெளிவாகக் கொடுக்கிறது. ஒரு செயற்கைக்கோள் நம் வானத்தின் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் மறைவதைத்தான் கடப்பு என்கிறேன்.

தளத்தைத் திறந்ததும் பட்டியலுக்குப் போகாதீர்கள். முதலில் உங்கள் இடத்தைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அது ஆப்பிரிக்காவுக்கு அருகே நடுக்கடல். அங்கிருந்து பார்ப்பவருக்கான நேரத்தைக் குறித்துக்கொண்டு மாடியில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமல் போனதற்கு வானத்தைக் குறை சொன்னார்கள்.

இடத்தைக் கொடுத்த பிறகு நேர மண்டலத்தைச் சரிபாருங்கள். தளம் காட்டும் நேரம் உங்கள் கடிகாரத்தின் நேரமா, உலகப் பொது நேரமா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதே தளத்தில் இன்று சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே நடப்பதோடு ஒத்துப்போனால் சரி.

கணிப்பைப் பத்து நாளுக்கு முன்பே எடுத்து நாட்காட்டியில் குறிப்பது திட்டமிடத்தான். போகும் நாளன்று மறுபடியும் எடுங்கள். மேலே மிச்சமிருக்கும் மெல்லிய காற்று நிலையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கிறது, அவ்வப்போது அதை இயந்திரத்தால் மேலே தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளினால் பழைய கணிப்பின் நேரம் மாறிவிடும்.

5. பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பாதி இங்கேதான் இருக்கிறது. அதனால் நிதானமாகப் போவோம். ஒரு கடப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

பொலிவு −3.6
தொடக்கம் 19:02:10, உயரம் 10°, தென்மேற்கு
உச்சம் 19:05:28, உயரம் 68°, வடமேற்கு
முடிவு 19:07:05, உயரம் 28°, வடகிழக்கு

பொலிவு என்பது எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பதற்கான எண். இது தலைகீழ் அளவுகோல்: எண் சிறியதாக ஆக ஆகப் பிரகாசம் கூடும். மைனஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கச் சில: சிரியஸ் −1.5, அபிஜித் ஏறக்குறைய 0, சித்திரை 1, துருவ நட்சத்திரம் 2. "3.6 என்று போட்டிருக்கிறதே, நன்றாகத் தெரியும்தானே" என்று மைனஸை விட்டுவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. 3.6க்கும் −3.6க்கும் இடையே சுமார் 760 மடங்கு வித்தியாசம்.

உயரம் என்பது இங்கே கோணம், கிலோமீட்டர் இல்லை. அடிவானம் 0 டிகிரி, உச்சந்தலைக்கு நேர் மேலே 90 டிகிரி. 68° என்றால் ஏறக்குறைய தலைக்கு மேலே.

திசை சில இடங்களில் எழுத்தாக இல்லாமல் எண்ணாக வரும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக எண்ண வேண்டும்.

இப்போது மூன்று வரிகளின் நேரங்களைப் பாருங்கள். 10°யிலிருந்து 30° வரை ஏறவே இந்தக் கடப்புக்கு ஒன்றே முக்கால் நிமிடம் போலாகும். பிறகு தென்மேற்கில் 30°, தலைக்கு மேல், வடகிழக்கில் 28° என்று வானத்தின் பெரும்பகுதியை மூன்றே நிமிடத்தில் தாண்டிவிடும். வேகம் மாறவில்லை, தூரம்தான் மாறுகிறது. 10°யில் இருக்கும்போது அது நம்மிலிருந்து ஏறக்குறைய 1,500 கி.மீ. தள்ளி இருக்கிறது. தலைக்கு மேலே வரும்போது 420 கி.மீ.தான். அதனால்தான் கீழே ஊர்வது போலவும் மேலே பறப்பது போலவும் தெரிகிறது, மேலே வரும்போதுதான் பளிச்சென்றும் இருக்கிறது.

முடிவு வரியில் 28° என்று இருப்பதையும் கவனியுங்கள். அடிவானத்துக்கு இறங்காமல் நடுவானிலேயே முடிகிறது என்றால், அந்த இடத்தில் அது பூமியின் நிழலுக்குள் நுழைகிறது என்று அர்த்தம்.

அதிகாலைக் கடப்பில் தேதிக் குழப்பம் வரும். 12ஆம் தேதி 04:50 என்றால் 11ஆம் தேதி இரவு தூங்கி எழுந்ததும் பார்க்க வேண்டியது. 12ஆம் தேதி இரவு படுத்து 13ஆம் தேதி எழுந்தவர்கள் ஒரு நாள் தவறவிட்டிருப்பார்கள்.

கடைசியாக வான வரைபடம். பட்டியல் வரியைத் தொட்டால் வட்டமான ஒரு படம் வரும். அதில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடது பக்கம் இருக்கும். தரைப் படத்துக்கு நேர்மாறாக இருப்பதால் "படம் தப்பு" என்று நினைப்பார்கள். படம் சரிதான். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பாருங்கள், நான்கு திசையும் பொருந்திவிடும்.

6. நல்ல கடப்பைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலில் பத்து வரி இருந்தால் நகரத்தில் இரண்டோ மூன்றோதான் உங்களுக்கு உதவும். முதலில் உச்ச உயரத்தைப் பாருங்கள். 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதல் தடவைக்கு விட்டுவிடுங்கள். நகரத்தில் அடிவானம் என்று ஒன்று கிடையாது, கட்டடங்களும் புகை கலந்த காற்றும்தான் இருக்கும். 20 டிகிரிக்குக் கீழே நடப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிவு −2 அல்லது அதற்கும் சிறியதாக இருக்கட்டும்.

பிறகு பாதையின் பக்கம். மாலையில் சூரியன் மேற்கே அடிவானத்துக்குக் கீழ் இருக்கிறது. அப்போது மேற்கு வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் பின்புறம்தான் வெளிச்சம், பிறை நிலா மாதிரி. கிழக்கு வானத்துக்கு வந்ததும் வெளிச்சம் பட்ட முகம் நம்மைப் பார்க்கிறது, முழு நிலா மாதிரி. ஆகவே மாலையில் உச்சியைத் தாண்டிய பிறகு கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நீடிக்கும் கடப்பு சிறந்தது. அதிகாலையில் இது அப்படியே மாறும்: மேற்கு வானத்தில் நிழலிலிருந்து திடீரென வெளிப்படும், அந்த முதல் நிமிடமே பிரகாசமாக இருக்கும்.

நல்ல கடப்பு எதுவுமே பட்டியலில் இல்லை என்றால் காத்திருங்கள். நிலையத்தின் பாதை சூரியனை ஒப்பிட மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. சில நாட்கள் மாலையில் தெரியும், சில நாட்கள் தெரியவே தெரியாது, சில நாட்கள் அதிகாலையில் தெரியும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இந்தச் சுற்று முழுமையாகத் திரும்பி வரும்.

7. பகலிலேயே இடத்தைப் பாருங்கள்

தேர்ந்தெடுத்த கடப்பின் உச்ச வரியை எடுத்துக்கொண்டு பகலில் அந்த இடத்துக்குப் போங்கள். உச்சத் திசையில் வானம் திறந்திருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி, விளம்பரப் பலகை, பக்கத்துக் கட்டடம் மறைக்கிறதா? இரவில் போய்ப் பார்த்தால் மறைப்பு எது, வானம் எது என்று புரியாது.

மாடி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பூங்கா, மைதானம், ஏன் ஒரு பால்கனி கூடப் போதும், அந்தத் திசை திறந்திருந்தால்.

நகரத்தில் மொத்த வெளிச்சத்தை நம்மால் குறைக்க முடியாது. கண்ணில் நேரடியாக விழும் விளக்கை மறைக்க முடியும். சுவருக்குப் பின்னால் நில்லுங்கள், ஒரு தூணை விளக்குக்கும் உங்களுக்கும் நடுவில் கொண்டுவாருங்கள், அதுவும் இல்லையென்றால் கையால் மறையுங்கள். இந்தச் சின்ன ஏற்பாட்டால் தெரியும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையே கூடும்.

திசையைப் போனின் திசைகாட்டியால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, இரும்புக் கதவு, கைப்பிடிச் சுவரின் குழாய் எல்லாம் அதை இழுக்கும். 30, 40 டிகிரி தப்பாகக் காட்டினாலும் போன் சொல்லாது. வரைபடச் செயலியில் உங்கள் கட்டடத்தை மேலிருந்து பாருங்கள். "வடமேற்கு என்றால் அந்தக் கோபுரத்துக்கு நேரே" என்பது போல ஒரு அடையாளத்தை எழுதிக்கொள்ளுங்கள். கோபுரம் நகராது.

8. கோணத்தைக் கையால் அளக்கப் பழகுங்கள்

கையை முழுக்க நீட்டி, முஷ்டியை மடக்கி, கண்ணுக்கு நேரே பிடியுங்கள். முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. விரல்களை விரித்து ஒரு சாண் பிடித்தால் சுமார் 20 டிகிரி. சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. குழந்தைகளுக்குக் கை சிறியது என்றாலும் கண்ணிலிருந்து தூரமும் குறைவு, அதனால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்குங்கள். மூன்று முஷ்டி 30 டிகிரி. இதைச் செய்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும்: 45 டிகிரி என்று நாம் மனத்தில் நினைக்கும் இடம் உண்மையில் 30 டிகிரியில்தான் இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் உயரத்தைக் கூட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். கையால் அளக்காமல் போனால், அது வருகிற இடத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

9. அந்த மாலையில் செய்ய வேண்டியவை

15 நிமிடம் முன்பே போய்விடுங்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் தேவை. விண்வெளி நிலையத்துக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் விளக்கு போட்ட அறையிலிருந்து நேராக வந்து நின்றால் முதல் நிமிடங்கள் வீண்.

போன உடனே திசை அடையாளத்தைச் சரிபார்த்து, உச்சம் வரும் இடத்தைக் கையால் அளந்து பாருங்கள். அதன் பக்கத்தில் ஏதாவது ஒரு நட்சத்திரம் இருந்தால் நினைவில் வையுங்கள், அதுதான் உங்கள் நங்கூரம்.

தொடக்க நேரத்தில், தொடக்கத் திசையில், அடிவானத்தில் தேடாதீர்கள். பட்டியல் 10 டிகிரியிலிருந்து தொடங்குகிறது, நகரத்தில் அந்த 10 டிகிரி உங்களுக்குக் கிடையாது. நேரம் வந்தும் ஒன்றும் வரவில்லையே என்று பதறி, எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்ப்பதுதான் மிகப் பொதுவான தவறு. அந்தப் பதற்றத்தில் நிலையம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் தொடக்கம் 19:02 என்றாலும், 19:03:30 முதல் தென்மேற்கில் 30 டிகிரி உயரத்தில், அதாவது மூன்று முஷ்டிக்கு மேலே, கண்ணை வைத்துக் காத்திருங்கள். அது அங்கே ஏறி வரும்.

அங்கே தப்பினாலும் உச்ச நேரத்தில் உச்ச இடத்தைப் பாருங்கள். வரைபடத்தில் நிமிடக் குறிகள் இருப்பது இதற்குத்தான்.

போனை மூடிப் பையில் வையுங்கள். இதை மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். செயலியில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நிஜப் புள்ளியைத் தவறவிட்டவர்கள் அத்தனை பேர்.

அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நடக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் மாடியில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குழந்தைகளோடு போனால் பாய் விரித்துப் படுக்க வையுங்கள். லேசர் ஒளியால் யாருக்கும் சுட்டிக் காட்டாதீர்கள், விமான ஓட்டிகளின் கண்ணை அது கூசச் செய்யும்.

10. தெரிந்ததும் எதைக் கவனிக்க வேண்டும்

நட்சத்திரம் ஒன்று அறுந்துகொண்டு, சத்தமே இல்லாமல், ஒரே சீராக நகர்வது போல இருக்கும். மினுக்காது. நிறம் வெள்ளை அல்லது லேசான மஞ்சள். கண்ணுக்குத் தெரியும் நேரம் ஆறேழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முடிவு நேரம் நெருங்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். நிழலுக்குள் நுழையும் அந்தச் சில நொடிகளில் அது செம்மஞ்சளாகி, மங்கி, அணைந்துவிடும். பூமியின் விளிம்பில் உள்ள காற்று மண்டலத்தைத் தாண்டி வரும் சூரிய ஒளிதான் கடைசியாக அதன் மேல் படுகிறது, அந்தி வானம் சிவப்பதற்கும் அதே காரணம். மேலே உள்ளவர்களுக்கு அது ஒரு சூரிய அஸ்தமனம். ஒரு நாளைக்கு 15, 16 தடவை அவர்கள் அதைக் கடக்கிறார்கள். அந்த அணைப்பை முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள்.

அடுத்த நாள் மறுபடி பார்க்க நினைத்தால் அதே நேரத்துக்குப் போகாதீர்கள். ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக வரும், பாதையும் மாறியிருக்கும்.

11. செயற்கைக்கோளா, விமானமா?

சிவப்போ பச்சையோ கலந்து தெரிந்தாலோ, சீராக வெட்டி வெட்டி மின்னினாலோ விமானம். நம்மை நோக்கி வரும் விமானத்தின் முகவிளக்கு மட்டும் தெரியும்போது ஏமாற்றும். ஒரு நிமிடம் பொறுத்தால் திரும்பும், வண்ண விளக்கு தெரியும். ஒரே நொடியில் கோடிழுத்து மறைந்தால் எரிகல்.

சீராகப் போகாமல் சில நொடிகளுக்கு ஒரு முறை கூடிக் குறையும் புள்ளி தெரிந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் விண்ணில் உருண்டுகொண்டிருக்கும் காலி ராக்கெட் உடல். கணிப்புப் பட்டியலில் பெயரின் கடைசியில் ஆர்/பி என்று வந்தால் அதுதான்.

போகும் திசையும் உதவும். பூமி சுழலும் திசையிலேயே ஏவினால் அந்தச் சுழற்சி வேகம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் பெரும்பாலான செயற்கைக்கோள்கள் மேற்கிலிருந்து கிழக்குப் பக்கமாகப் போகும். துருவங்களைச் சுற்றுபவை வடக்கு தெற்காகப் போகும். நேர் கிழக்கிலிருந்து நேர் மேற்கே போவது மிக அரிது, அப்படித் தெரிந்தால் முதலில் விமானம் என்றே சந்தேகப்படுங்கள்.

ஒரு நட்சத்திரமே மெல்ல நகர்வது போலத் தோன்றுவதும் உண்டு. இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் கண் செய்யும் பிழை அது. ஒரு கம்பத்தின் நுனியிலோ சுவரின் மூலையிலோ அதை ஒட்டி வைத்துப் பாருங்கள், நின்றது நிற்கும்.

12. தெரியவில்லை என்றால் இந்த வரிசையில் சோதியுங்கள்

முதலில் தளத்தில் உங்கள் இடம். அடுத்து நேர மண்டலமும் தேதியும். அடுத்து கணிப்பை எடுத்த நாள். அடுத்து திசை: திசைகாட்டியை நம்பினீர்களா, அடையாளத்தையா? அடுத்து உயரம்: கையால் அளந்தீர்களா? இவை ஐந்தும் சரி என்றால் மட்டும் மேகத்தைச் சந்தேகப்படுங்கள். இரவு நகரத்தில் மெல்லிய மேகம் கண்ணுக்குத் தெரியாது. உச்சம் வரும் இடத்தில் நட்சத்திரம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும்.

13. அடுத்த கட்டம்: மங்கலானவை

நிலையத்தை மூன்று நான்கு தடவை தவறாமல் பிடித்த பிறகு இதற்கு வாருங்கள். முதலில் உங்கள் வானத்தின் எல்லையை அளக்க வேண்டும். சப்தரிஷி மண்டலம் தெரியும் காலமாக இருந்தால், நாற்கரமும் வாலும் சேரும் மூலையில் உள்ள நட்சத்திரத்தைப் பாருங்கள். மற்ற ஆறும் 2ஐ ஒட்டியவை, இது 3.3. அது தெரிந்தால் உங்கள் எல்லை 3.3க்கு மேல். வாலின் நடுவில் உள்ள வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியும் தனியாகத் தெரிந்தால் 4. ஆறு மட்டும் தெரிந்தால் உங்கள் எல்லை 2 முதல் 3க்குள்.

ஹெவன்ஸ்-அபவில் அன்றாடப் பிரகாசமான செயற்கைக்கோள்களின் பட்டியல் உண்டு. அதில் உங்கள் எல்லையை விட ஒரு எண் சிறியவற்றை மட்டும் எடுங்கள். எல்லை 3 என்றால் 2 வரை. எல்லையிலேயே உள்ளதைத் தேடினால் நகரும் புள்ளி கண்ணில் நிற்காது. மங்கலானதை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும், ஏனென்றால் குறைந்த ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கின்றன.

இப்போது பைனாகுலரை எடுக்கலாம். 7×50 வகையில் (7 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மி.மீ.) ஏறக்குறைய 7 டிகிரி வானம் தெரியும். அதைக் கொண்டு வானத்தைத் துழாவாதீர்கள். வரைபடத்தில் பாதை ஒட்டிப் போகும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள், சுவாதியோ ரோகிணியோ திருவாதிரையோ. அது தாண்டும் நிமிடத்தைக் குறித்து, ஒரு நிமிடம் முன்பே அந்த நட்சத்திரத்தை நடுவில் வைத்து, முழங்கையைச் சுவரில் ஊன்றிக் காத்திருங்கள். அதிகாலையில் கிழக்கே பார்க்கும்போது சூரியன் உதிக்கும் நேரத்துக்கு நன்றாக முன்பே பைனாகுலரைக் கீழே வைத்துவிடுங்கள், கண் போய்விடும்.

14. படம் எடுக்க விரும்பினால்

முதல் கடப்பில் எடுக்காதீர்கள், பாருங்கள். பிறகு முக்காலி ஒன்று வாங்குங்கள், கையில் பிடித்து எடுக்க முடியாது.

போனில் இரவு முறையை விட, ஒளி விழும் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் (ஒளிக்கான உணர்திறன்) நாமே அமைக்கும் புரோ முறை நல்லது. இரவு முறை பல படங்களை ஒட்டும்போது நகரும் புள்ளியைச் சில போன்கள் அழித்துவிடும். 10 நொடி, ஐஎஸ்ஓ 100 அல்லது 200 என்று தொடங்குங்கள். வானம் வெளுத்துப் போனால் நொடியைக் குறையுங்கள். ஃபோகஸை ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் வைத்துப் பூட்டுங்கள். தொட்டதும் போன் ஆடும் என்பதால் 3 நொடி டைமர் போடுங்கள். உச்சியில் நிலையம் நொடிக்கு ஒரு டிகிரி போல நகர்வதால், 10 நொடிப் படத்தில் ஒரு முஷ்டி நீளத்துக்குக் கோடு விழும்.

கேமராவில் அகன்ற லென்ஸ் வைத்துத் தொடர்ந்து எடுத்து, ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் சேர்த்தால் வானம் முழுக்க ஒரே வில் கிடைக்கும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (புள்ளிப் பிசிறு) குறைப்பை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே நேரம் ஒரு கறுப்புப் படம் எடுக்கும், அதனால் வில் துண்டு துண்டாகிவிடும்.

சேர்த்த படத்தில் கோடு நடுவானில் மெலிந்து நின்றுபோனால் அமைப்பில் தவறில்லை. நேரத்தைப் பட்டியலின் முடிவு வரியோடு ஒப்பிடுங்கள், அது நிழலுக்குள் நுழைந்த இடம்.